பாளை பெரிய வீடு: ஹகோனேயா, கோயாசானா?

கணேசன்: அப்பா அம்மாவுக்கு நவம்பர்ல ஜப்பான் போக டிக்கெட் போட்டாச்சு. வள்ளி அனுப்பின ரியோகான் (பழைய பாணி ஜப்பான் விடுதி), ஹகோனேங்கிற வெந்நீர் ஊற்று ஊர்ல, ஒரு ராத்திரிக்கு 1,10,000 யென் காட்டுது. நாளைக்குள்ள முடிவு சொல்லணும்

மீனா மதினி: ஒரு யென் 60 பைசான்னு வச்சா 66,000 ரூபாய்

மீனா மதினி: ஒரே ராத்திரிக்கு!!

சிவா சித்தப்பா: அந்தக் காசுக்கு குத்தாலத்துல சீசன் பூரா குளிக்கலாம்

பாப்பா அத்தை: தரையில மெத்தை விரிச்சுப் படுக்கவா இவ்வளவு ரூவா

வள்ளி டோக்கியோ: மதினி, அது அறை வாடகை இல்ல. ரியோகான்ல ஆள் கணக்கு. தலைக்கு 55,000, ராத்திரி சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்து. வெந்நீர் ஊற்றுக் குளியலுக்கு வரி தனி, பெரும்பாலும் தலைக்கு 150 யென். டிப்ஸ் கிடையாது. சனிக்கிழமையும், லீவுக்கு முந்தின ராத்திரியும் விலை ஏறும். நவம்பர் 3, 23 ரெண்டும் அங்க அரசு விடுமுறை. அதனால 2, 22 ராத்திரி வேண்டாம்

மீனா மதினி: அப்ப சாப்பாடு இல்லாம எடுத்தா?

வள்ளி டோக்கியோ: சில இடத்துல தருவாங்க, சுதோமாரின்னு பேரு. நல்லாவே குறையும். ஏன்னா அந்த விலையில பெரும்பங்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான். எட்டு, பத்து சின்னச் சின்னத் தட்டா, ஒண்ணு முடிஞ்சதும் அடுத்தது வரும்

வள்ளி டோக்கியோ: எனக்குப் பிரச்சனையே அங்கதான். அப்பா அம்மா சுத்த சைவம். ஜப்பான் சமையல்ல எல்லாத்துக்கும் அடியில தாஷின்னு ஒரு சாறு. கடற்பாசியும், காயவச்சு மரத்தூள் மாதிரி சீவின சூரை மீனும் போட்டு எடுக்கிறது. நம்ம மாசிக்கருவாடு மாதிரின்னு வைங்க. மிசோ சூப், அவிச்ச காய், பஜ்ஜி மாதிரி டெம்புராவுக்குத் தொட்டுக்கிற சாறு எல்லாத்துலயும் இருக்கும். வெறும் தோஃபு கேட்டாலும் மேல அந்தச் சீவலைத் தூவிருவாங்க. "வெஜிடேரியன்"னு மட்டும் எழுதினா தட்டுல கறி மீன் இருக்காது, சாறு அப்படியேதான் இருக்கும். மீன் சாறு, மீன் சீவல், முட்டை மூணும் கூடாதுன்னு தனித்தனியா எழுதி, புக் பண்ணும்போதே கேட்டு, பதில் வாங்கணும். அன்னைக்குப் போய்ச் சொன்னா ஒண்ணும் நடக்காது, சாறு காலையிலயே எடுத்து வச்சிருப்பாங்க. முடியாதுன்னு நேரா சொல்ற இடமும் உண்டு, அவங்க நல்லவங்க

சிவா சித்தப்பா: மாசி போட்டா ருசியாத்தான் இருக்கும் 😋

பாப்பா அத்தை: ஏல சிவா, புரட்டாசியில பேசுத பேச்சா இது

கணேசன்: அப்ப சாப்பிட முடியாத சாப்பாட்டுக்குத்தான் பாதிக் காசா?

வள்ளி டோக்கியோ: ஆமாண்ணே. சாப்பிடுறவங்களுக்கு அந்தக் காசு தகும். இவங்களுக்கு பாதிதான் தகும். இன்னொண்ணு, 3 மணிக்கு உள்ள விடுவாங்க, காலையில 10, 11-க்கு கிளம்பணும். ஊரைச் சுத்திட்டு 7 மணிக்குப் போய் இறங்கினா சமையற்கட்டு மூடிரும், குளியலும் அவசர அவசரமா முடியும். 3 மணிக்கே போய் ரெண்டு தடவை குளிச்சாதான் அந்த விலைக்கு அர்த்தம். ஹகோனேக்கு ஒடவாராவுலதான் இறங்கணும். அதுக்கு கொதாமா ரயில்ல ஏறணும், நொசோமி ரயில் அங்க நிக்காது

பாப்பா அத்தை: குளியல் எப்படி, எல்லாரும் ஒண்ணாவா

வள்ளி டோக்கியோ: ஆண் பெண் தனித்தனி அத்தை. ஆனா துணி கிடையாது. முதல்ல குட்டி முக்காலியில உக்காந்து சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் தொட்டிக்குள்ள இறங்கணும்

பாப்பா அத்தை: துணியில்லாமயா????

சிவா சித்தப்பா: அக்கா மயங்கியாச்சு

வள்ளி டோக்கியோ: பூட்டிக்கிற தனிக் குளியலறையும் உண்டு அத்தை, கஷிகிரி. முக்கால் மணி நேரம் அவங்க ரெண்டு பேருக்கு மட்டும். தண்ணி 41, 42 டிகிரி இருக்கும். அப்பாவுக்கு பிரஷர் இருக்கிறதால பத்து நிமிஷம் போதும், சாப்பிட்ட உடனே கூடாது. அப்பா முட்டிக்கு முக்காலிதான் கஷ்டம். தரை நாற்காலிக்கும் கால் இல்ல. கட்டிலும் மேஜையும் உள்ள அறையான்னு கேக்கணும்

வள்ளி டோக்கியோ: அறையில யுகாதான்னு ஒரு பருத்தி அங்கி வச்சிருப்பாங்க. இடது பக்கம் மேல வர்ற மாதிரி கட்டணும். வலது மேல வந்தா அது பிணத்துக்குக் கட்டுற முறை

பாப்பா அத்தை: சிவ சிவா

மீனா மதினி: செலவு பாதிப் பாதிதானே? போன தடவை சஷ்டியப்தபூர்த்தி மண்டபக் கணக்கு இன்னும் முடியல

கணேசன்: மீனா, தனியா பேசு

சிவா சித்தப்பா: 🤐

வள்ளி டோக்கியோ: ஹகோனேக்குப் பதிலா கோயாசான் போகலாம். 816-ல கூகாய்ங்கிற துறவி ஆரம்பிச்ச மலை. அங்க கோயில்கள்லயே தங்கலாம், ஷுகுபோ. சாப்பாடு மடத்துச் சாப்பாடு, சாறுக்குக் கடற்பாசியும் காளானும்தான். வெங்காயம் பூண்டு கூட கிடையாது. எள்ளும் கிழங்கு மாவும் கிளறின எள் தோஃபு கண்டிப்பா இருக்கும். ஆளுக்கு 15,000-லருந்து 30,000-க்குள்ளயே நிறைய இருக்கு. ஒசாகா நம்பாவுல நங்காய் ரயில், கோகுராகுபாஷியில இறங்கி கேபிள் கார், மேல பஸ். பெரிய பெட்டியை முந்தின நாளே தக்யூபின் பார்சல்ல, அடுத்துத் தங்குற கியோட்டோ ஹோட்டலுக்கு அனுப்பிரணும்

பாப்பா அத்தை: பூண்டு வெங்காயம் இல்லையா, அப்ப அண்ணிக்குச் சரி

சிவா சித்தப்பா: சாமியார் மடத்துல வேற ஒண்ணும் கிடைக்காதாக்கும்

வள்ளி டோக்கியோ: சாக்கே உண்டு சித்தப்பா, அரிசிச் சரக்கு 😄 மடத்துல அதுக்கு "ஞானத் தண்ணி"ன்னு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு பேரு, ஹன்னியாதோ

சிவா சித்தப்பா: எனக்கும் ஒரு டிக்கெட் போடு

மீனா மதினி: வசதி?

வள்ளி டோக்கியோ: அதுதான் இடிக்குது. பல இடத்துல கழிப்பறை பொது. அறைக்கு அறை காகிதக் கதவுதான், பக்கத்து அறை குறட்டை கேக்கும். 5 மணிக்குள்ள போய்ச் சேரணும், சாப்பாடு 5.30, 6-க்கு. 800 மீட்டர் உயரம், நவம்பர் ராத்திரி நல்லாக் குளிரும். அறையோட கழிப்பறை உள்ளதா பாத்து எடுக்கணும், அதுக்குக் கூட ஆகும்

பாப்பா அத்தை: குளிர்னதும் ஞாபகம் வந்துச்சு, ஆச்சியோட வெங்கலப் பானை யார்ட்ட இருக்கு

சிவா சித்தப்பா: அதுக்கும் குளிருக்கும் என்னக்கா சம்பந்தம்

கணேசன்: அத்தை, அது அப்புறம். ஹகோனேயா கோயாசானா?

சிவா சித்தப்பா: அண்ணனுக்கு ப்ளூ டிக் விழுந்து பத்து நிமிஷம் ஆச்சு

அப்பா: காலையில பூஜை எத்தனை மணிக்கு

வள்ளி டோக்கியோ: 6, 6.30-க்குப்பா. சில கோயில்ல அக்னி வளர்த்து கோமான்னு பண்ணுவாங்க. நம்ம ஹோமம்தான் அங்க கோமா ஆயிருக்கு

அப்பா: 👍

கணேசன்: தம்ஸ் அப் எதுக்குப்பா? அப்ப ஹகோனேயை விட்டுரவா?

மீனா மதினி: கேன்சல் சார்ஜ் உண்டான்னு முதல்ல பாருங்க

பாப்பா அத்தை: பானை மீனா வீட்டுப் பரண்ல இருக்குன்னு கேள்விப்பட்டேன்