நோயெதிர்ப்பியல் ஆய்வாளரின் மேற்கோள்களை எப்படிக் கணக்கிடுவது?

பாளை நூலகர்:
பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தில் பணியாற்றுகிறேன். எங்கள் விலங்கியல் துறையில் நோயெதிர்ப்பியல் ஆய்வு செய்துவரும் பேராசிரியை ஒருவர் பதவி உயர்வுக்கு விண்ணப்பிப்பதால், அவருடைய கட்டுரைகள் மற்ற ஆய்வுக் கட்டுரைகளில் எத்தனை முறை சுட்டப்பட்டிருக்கின்றன என்று காட்டும் மேற்கோள் அறிக்கையைத் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. அவருடைய எச் இன்டெக்ஸ் (அது 10 என்றால், தலா 10 மேற்கோள்களாவது பெற்ற கட்டுரைகள் 10 உண்டு என்று பொருள்) கூகுள் ஸ்காலர் தேடுதளத்தில் 19 என்றும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் 11 என்றும் காட்டுகிறது. எதை எழுதுவது? போன முறை தேர்வுக்குழுவில் அவருடைய எண்ணைக் கணிதத் துறை ஆசிரியர் ஒருவரின் எண்ணோடு ஒப்பிட்டுப் பேசினார்களாம். அது முறைதானா என்பதையும் விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

அபிஷேகப்பட்டி ஆய்வாளர்:
அண்ணாச்சி, எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் பெயரைப் பாருங்கள். நமக்கு இனிஷியலும் பெயரும்தான் உண்டு. தரவுத்தளங்களோ எல்லோருக்கும் குடும்பப் பெயர் இருப்பதாக எண்ணிக்கொண்டு, ஓர் இதழில் தந்தை பெயரையும் இன்னோர் இதழில் சொந்தப் பெயரையும் அந்த இடத்தில் வைத்துவிடுகின்றன. திருமணத்துக்குப் பிறகு அவர் இனிஷியலை மாற்றியிருந்தால், ஸ்கோபஸில் ஒரே ஆள் இரண்டு பேராக இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். திருத்தக் கோரிக்கை அனுப்பினால் இரண்டையும் சேர்த்துவிடுவார்கள். ஆய்வாளர்களுக்கென்று தனித்தனியாகத் தரும் 16 இலக்க ஆர்கிட் அடையாள எண் ஒன்றை அவர் வாங்கிவைத்துக்கொண்டால் இனிமேல் இந்தத் தொல்லை குறையும்.

கூகுள் ஸ்காலரில் நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே அதே பெயருள்ள வேறொருவரின் கட்டுரைகளும் பட்டியலில் ஏறிவிடும். ஆய்வேடுகள், இதழில் வருவதற்கு முன்பே இணையத்தில் இடும் முன்பதிப்புகள் ஆகியவற்றில் வரும் மேற்கோள்களையும் அது எண்ணுகிறது என்பதால், தவறே இல்லாவிட்டாலும் எண் பெரிதாகத்தான் இருக்கும். இரண்டையும் எழுதி, எந்தத் தேதியில் எங்கே எடுத்தது என்று பக்கத்தில் குறித்துவிடுங்கள்.

ஹைகிரவுண்ட் ஆய்வகம்:
கணித ஆசிரியரோடு ஒப்பிட்டது முறையே அல்ல. நோயெதிர்ப்பியலில் கட்டுரைகளும் அதிகம், ஒவ்வொரு கட்டுரையின் கடைசியிலும் வரும் மேற்கோள் பட்டியலும் நீளம். கணிதத்தில் இரண்டும் குறைவு. 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் எச் இன்டெக்ஸை முன்வைத்தபோதே, துறைக்குத் துறை அது வேறுபடும் என்று சொல்லியிருந்தார். ஆகவே துறையைக் கணக்கில் கொள்ளும் அளவையும் சேருங்கள். ஸ்கோபஸில் அதே துறை, அதே ஆண்டு, அதே வகைக் கட்டுரைகளோடு ஒப்பிட்டுத் தரும் எண் இருக்கிறது; 1 என்றால் உலகச் சராசரி. பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுத் தரவுத்தளத்தில் உள்ள கட்டுரைகளுக்கு அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஐசைட் தளம் இதைப் போன்றதொரு விகிதத்தை இலவசமாகவே தருகிறது. இம்பாக்ட் ஃபேக்டரை எழுத வேண்டாம், அது ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள்களைக் காட்டுவது; இதழுக்கு உரியது, ஆளுக்கு உரியது அல்ல.

ஏற்கெனவே வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் மறுஆய்வுக் கட்டுரைகளைத் தனியாகப் பிரித்துக் காட்டுங்கள். ஒன்றே ஒன்று மொத்த எண்ணிக்கையைத் தூக்கிவிடும். ஆய்வகத்தில் பத்து ஆண்டு எலிகளோடு மல்லுக்கட்டியவருக்கு அது சற்று வருத்தமாகத்தான் இருக்கும்! இன்னொன்று, இந்தத் துறையில் அங்கீகாரம் தாமதமாக வருவதும் உண்டு. நோயெதிர்ப்பை அடக்கிவைக்கும் செல்கள் உண்டு என்று சொன்ன, ஒடுக்கும் டி செல்கள் என்ற கருத்தையே பலரும் கைவிட்டிருந்த காலத்தில், 1995இல் ஜப்பானிய நோயெதிர்ப்பியலாளர் சகாகுச்சி அதே வேலையைச் செய்யும் கட்டுப்படுத்தும் டி செல்களைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார்; அவருக்கு நோபல் பரிசு 2025இல்தான் கிடைத்தது. ஆகையால் முக்கியமான மூன்று நான்கு கட்டுரைகளை யார், எதற்காக மேற்கோள் காட்டினார்கள், முறையைப் பின்பற்றினார்களா, மறுத்தார்களா, முன்னுரையில் பத்தோடு பதினொன்றாகச் சேர்த்தார்களா என்று ஒரு பக்கம் எழுதி இணைப்பது நல்லது.

பாளை நூலகர்:
இருவருக்கும் நன்றி. ஸ்கோபஸில் அவர் இரண்டு பேராகத்தான் இருந்தார். தந்தையின் இனிஷியலில் 9 கட்டுரைகள் தனியாகக் கிடந்தன. சேர்த்த பிறகு எச் இன்டெக்ஸ் 14 ஆகியிருக்கிறது. பட்டியலில் 15ஆவது கட்டுரை 14 மேற்கோள்களோடு நிற்கிறது. அச்சுக்குப் போயிருக்கும் தம் புதிய கட்டுரையில் அதைச் சுட்டியிருப்பதாகப் பேராசிரியை சிரித்துக்கொண்டே சொன்னார். சுய மேற்கோள்களை நீக்கிய கணக்கையும் ஒரு வரியில் எழுதிவிடப் போகிறேன்.