குடும்ப வன்முறைச் சட்டம் பற்றி எம்எல்ஏவிடம் கொடுக்கும் மனுவில் என்ன எழுதுவது? (கேரளத்தின் மூணாறு, பாலக்காட்டுச் சித்தூர், தமிழ்நாட்டின் போடி பக்கத்து ஆட்களுக்கு)

தேவிகுளம் சட்ட உதவி:
"குடும்ப வன்முறைச் சட்டத்தைப் புதுப்பியுங்கள்" என்று எழுதிய மனுக்கள் நிறைய வருகின்றன. அது அமெரிக்காவில் கேட்க வேண்டியது. அங்கே 1994இல் வந்த சட்டத்தை 2000, 2005, 2013, 2022 என்று திரும்பத் திரும்ப நீட்டிக்க வேண்டியிருந்தது. நம்முடைய 2005ஆம் ஆண்டுச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடப்பில் இருக்கிறது, அதற்குக் கெடு இல்லை. வன்முறை செய்யாதே என்று கோர்ட் போடும் பாதுகாப்பு உத்தரவும் அதன் 25(1)ஆம் பிரிவுப்படி அந்தப் பெண் விலக்கக் கேட்கும்வரை நிற்கும்.

கெடு இருப்பது பணத்துக்குத்தான். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு ஐந்து நாள்வரை தங்க இடம் தரும் சகி மையம் மத்திய அரசின் மிஷன் சக்தி திட்டத்தில் நடக்கிறது. அந்தத் திட்டம் 2021-22 முதல் 2025-26 வரை என்று கணக்கிட்டுப் போடப்பட்டது. தொடர்ச்சி கேட்க வேண்டியது இதற்கு, கேட்க வேண்டிய ஆள் எம்பி.

சித்தூர்க்காரர்:
எம்பி என்றதும் பாலக்காட்டுக்குப் பஸ் ஏறிவிடாதீர்கள். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி எல்லாம் சித்தூர் சட்டமன்றத் தொகுதி. அது ஆலத்தூர் மக்களவைத் தொகுதியில் வருகிறது.

எம்எல்ஏவிடம் கேட்க வேண்டியது ஆள். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி, பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு உதவும் பாதுகாப்பு அலுவலரை நியமிப்பது மாநில அரசு. மாவட்டத்தில் மட்டும் போதாது, தாலுக்கா அளவிலும் அலுவலர்களை அடையாளம் கண்டு அறிவியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் எல்லா மாநிலங்களுக்கும் சொல்லியாயிற்று. அதனால் "நடவடிக்கை எடுக்கவும்" என்று முடிக்காமல் கேள்வியாக எழுதுங்கள்: எங்கள் தாலுக்காவுக்கு அலுவலர் யார், அறிவிக்கை எண்ணும் தேதியும் என்ன, வாரத்தில் எந்த நாள் எங்கே உட்காருவார், தமிழ் பேசுவாரா? கேள்வியாக இருந்தால் எம்எல்ஏ அதை அப்படியே சபையில் கேட்கலாம். கோரிக்கையாக இருந்தால் கோப்பில் தூங்கும்.

ஒரு பக்கம் போதும். மலையாளத்தில்தான் எழுத வேண்டுமோ என்று தயங்க வேண்டாம். அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு, மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் குறை சொல்லி மனு கொடுக்கலாம் என்கிறது. அலுவலகத்தில் கொடுக்கும்போது நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள்.

போடி வக்கீல்:
புகுந்த வீடு மூணாறு மலைமேல், தாய்வீடு போடியில் என்றால் வழக்கைக் கேரளத்தில்தான் போட வேண்டும் என்பது தப்பு. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலும் மனுப்போட விடுகிறது. உத்தரவு நாடு முழுக்கச் செல்லும்.

சிக்குவது எதிர்த்தரப்புக்குக் கோர்ட் அனுப்பும் நோட்டீஸில். 13ஆம் பிரிவுப்படி பாதுகாப்பு அலுவலர் அதை இரண்டு நாளில் சேர்க்க வேண்டும். தேனி அலுவலர் மலையேறிப் போவாரா, இடுக்கி அலுவலருக்கு அனுப்புவாரா என்று இழுபடுவதில் வாய்தா மேல் வாய்தா போகும். 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்ற 12(5) காகிதத்தோடு சரி. எம்எல்ஏ மனுவில் கட்டாயம் சேர்க்க வேண்டிய வரி இது: எல்லை தாண்டிய நோட்டீஸை எந்த அலுவலர் யாருக்கு அனுப்புவது என்று இரு மாநிலமும் சேர்ந்து சுற்றறிக்கை விட வேண்டும்.

அதுவரை நம் பக்கம் செய்யக்கூடியது முகவரியைச் சரியாகக் கொடுப்பது. "மூணாறு, இடுக்கி" என்று மட்டும் எழுதினால் திரும்பிவரும். எஸ்டேட், டிவிஷன், லயம் (தொழிலாளர் குடியிருப்பு) எண், செக்ரோல் (தொழிலாளர் பதிவேடு) எண் நான்கும் வேண்டும்.

தேவிகுளம் சட்ட உதவி:
அண்ணே, இன்னொன்று. அலுவலர் இல்லை, அவர் எழுதித் தர வேண்டிய சம்பவ அறிக்கை கிடைக்கவில்லை என்று கோர்ட் மனுவையே கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அறிக்கை இல்லாமலே மாஜிஸ்டிரேட் உத்தரவிடலாம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. படிவம் 2இல் மனு, அவசரமென்றால் படிவம் 3இல் பிரமாணப் பத்திரம், அவ்வளவுதான். வக்கீல் செலவுக்குத் தாலுக்கா சட்டப்பணிக் குழு, போன் 15100. பெண்களுக்கு வருமானச் சான்று தேவையில்லை.

மறையூர் யூனியன் அக்கா:
லயம் கம்பெனியுடையது, அதில் கோர்ட் தலையிடாது என்று சூப்பர்வைசர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். சேர்ந்து வாழ்ந்த வீடு யார் பெயரில் என்பது இந்தச் சட்டத்தில் பெரிதில்லை. லயம் அவள் வேலையில் கிடைத்ததாக இருந்தால் 19(1)(b)யில் கணவனை வெளியேறச் சொல்லிக் கேட்கலாம். ஜீவனாம்சம் கட்டாமல் ஏய்த்தால் 20(6): கூலியில் பிடித்து நேராக அவளிடமோ கோர்ட்டிலோ கட்டும்படி எஸ்டேட்டுக்கே உத்தரவு போகும். இதைக் கேட்காமல் விடுவதுதான் அதிகம்.

தமிழ்நாட்டுக் கோர்ட் தமிழில் எழுதிய உத்தரவோடு மலையாள ஸ்டேஷனுக்குப் போனால் ரைட்டர் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார். சான்றளித்த ஆங்கில நகலையும் கோர்ட்டிலேயே கேட்டு வாங்குங்கள். உத்தரவு நகல் ஸ்டேஷனுக்கு இலவசமாகப் போக வேண்டும் என்று 24ஆம் பிரிவு இருக்கிறது, ஆனாலும் கையில் ஒன்று இருக்கட்டும். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டுவரை சிறை, அல்லது 20,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விட முடியாத குற்றம் என்பதை ஸ்டேஷனில் சொல்லிக் காட்டவும்.

போடி வக்கீல்:
எம்எல்ஏ மனுவோடு வழக்கு எண், பெண்களின் பெயர், புகைப்படம் எதையும் இணைக்காதீர்கள். அந்தத் தாள் எத்தனை மேசை மாறும், யார் சொந்தக்காரன் கையில் விழும் என்று தெரியாது. இந்த வருஷம் எத்தனை நோட்டீஸ் திரும்பியது, ஒவ்வொன்றும் எத்தனை நாள் கழித்து என்ற கணக்கு மட்டும் போதும்.