உயிர்மீட்புப் படகில் செல்வோருக்கு ஊதியம் வேண்டாமா?

நெடுந்திரை:
வீடு தீப்பற்றினால் ஓடி வரும் தீயணைப்பு வீரருக்கு அரசு சம்பளம் தருகிறது. கடலில் கப்பல் தரைதட்டினால் நள்ளிரவில் படகை இறக்கிக்கொண்டு போகிறவருக்குப் பல நாடுகளில் சம்பளம் என்ற பேச்சே இல்லை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1824 முதல் இயங்கிவரும் ஆர்.என்.எல்.ஐ. என்ற உயிர்மீட்புப் படகு நிறுவனம் தன் குழுவினரில் மிகப் பெரும்பாலோரைத் தன்னார்வலர்களாகவே வைத்திருக்கிறது. பிரான்சின் எஸ்.என்.எஸ்.எம்., நெதர்லாந்தின் கே.என்.ஆர்.எம். ஆகியவையும் ஏறத்தாழ இதே வழியில் நடப்பவைதான். இதை ஈகை என்று எல்லோரும் போற்றுகிறார்கள். எனக்கோ, புகழ்ச்சியைக் கொடுத்துவிட்டுக் கூலியை மிச்சம் பிடிக்கும் ஏற்பாடாகவே இது படுகிறது. கடலில் தேடுதலுக்கும் மீட்புக்கும் ஏற்பாடு செய்வதைக் கடற்கரை நாடுகளின் கடமையாக்கி 1979இல் ஹாம்பர்க் நகரில் ஓர் உடன்படிக்கையே எழுதப்பட்டிருக்கிறது. கடமை அரசுடையது என்றான பிறகு, அதை நிறைவேற்றுகிறவர் மட்டும் மக்கள் போடும் நன்கொடை உண்டியலை நம்பி இருப்பது எந்த வகையில் நியாயம் என்று எதிர்த்தரப்பினர் விளக்க வேண்டும்.

வாடைக்காற்று:
நண்பர் நெடுந்திரை அறத்தைப் பேசுகிறார். நான் முதலில் கணக்கைப் பேசுகிறேன். ஒரு நிலையத்தில் இரவும் பகலும் ஆறு பேர் கொண்ட குழு ஆயத்தமாக இருக்க வேண்டுமானால், வாரத்தின் 168 மணி நேரத்தை நாற்பது மணி நேரப் பணிகளாகப் பிரித்து, விடுப்பையும் நோயையும் சேர்த்துப் பார்த்தால், படகில் ஓர் இருக்கைக்கு ஐந்து பேர் தேவைப்படுவார்கள். அப்படியானால் ஒரு படகுக்கு முப்பது பேர். ஆர்.என்.எல்.ஐ. நடத்தும் 238 நிலையங்களுக்கும் இதைப் பெருக்கினால் ஏழாயிரத்தைத் தாண்டுகிறது. இவர்களில் பலருக்குப் பெரும்பாலான நாட்களில் அழைப்பே வராது. இந்தச் செலவை அரசின் தலையில் வைத்த மறு ஆண்டே, எந்தெந்த நிலையங்களை மூடலாம் என்று ஓர் அதிகாரி பட்டியல் போடத் தொடங்கிவிடுவார்.

நிலையங்கள் குறைந்தால் என்ன ஆகும் என்பதை உடலியல் சொல்கிறது. குளிர்ந்த நீரில் விழுந்தவர் முதல் ஒரு நிமிடம் மூச்சை அடக்க முடியாமல் தவிக்கிறார். பத்து நிமிடங்களுக்குள் கைகால்கள் சொன்னபடி கேட்பதை நிறுத்திவிடுகின்றன. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் நினைவு தப்புகிறது. முப்பது கடல் மைலுக்கு அப்பால், மிகச் சிறந்த சம்பளம் வாங்கும் மிகச் சிறந்த குழு உட்கார்ந்திருப்பதால் அவருக்குப் பயன் இல்லை. மணிக்கு 25 கடல் மைல் ஓடும் படகானாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பக்கத்துத் துறையில் தச்சுவேலை செய்பவர், பேஜர் என்ற அழைப்புக் கருவி ஒலித்ததும் உளியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வருவதுதான் அவரைப் பிழைக்க வைக்கும்.

அரசுப் பணம் புதிய யோசனையும் அல்ல. ஆர்.என்.எல்.ஐ. 1854 முதல் 1869 வரை அரசு மானியம் பெற்றுப் பார்த்துவிட்டு, அதைக் கைவிட்டு நன்கொடைக்கே திரும்பியது.

நெடுந்திரை:
கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அதில் யாருடைய உயிர் செலவாகக் காட்டப்படவில்லை என்பதுதான் என் கேள்வி. 1886 டிசம்பரில் ‘மெக்சிகோ’ என்ற கப்பலுக்கு உதவப் போன, இங்கிலாந்தின் சவுத்போர்ட், செயின்ட் ஆன்ஸ் ஊர்களின் படகுகள் கவிழ்ந்து 27 பேர் இறந்தார்கள். அவர்களுடைய மனைவி மக்களுக்குச் சோறு போட, ஊர் ஊராகப் பணம் திரட்ட வேண்டியிருந்தது. 1928 நவம்பரில் அதே நாட்டின் ரை ஹார்பர் என்ற சிற்றூரிலிருந்து ‘மேரி ஸ்டான்ஃபோர்ட்’ படகு புயலில் இறக்கப்பட்டது. அது தேடிப்போன கப்பலின் ஆட்களை வேறொரு கப்பல் முன்பே காப்பாற்றிவிட்டது என்ற செய்தி, படகு புறப்பட்ட சில நிமிடங்களில் கரைக்கு வந்தது. திரும்பி வரச் சொல்லிக் கரையிலிருந்து காட்டிய அடையாள ஒளி படகில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. 17 பேரும் மாண்டார்கள். ஒரே சிற்றூரின் உழைக்கும் ஆண்களில் பெரும்பகுதி ஒரே காலையில் அழிந்தது. பல ஊர்களிலிருந்து ஆளெடுத்துச் சுழற்சி முறையில் பணியமர்த்தும் சம்பளப் படையில் இழப்பு இப்படி ஒரே தெருவில் வந்து விழாது.

அமெரிக்காவின் வரலாற்றையும் பாருங்கள். அங்கே 1848 முதல் நியூ ஜெர்சி கரையில் அரசுப் பணத்தில் கொட்டகைகளும் படகுகளும் வைத்து, அவற்றைத் தன்னார்வலர்களின் பொறுப்பில் விட்டார்கள். கவனிப்பார் இல்லாமல் கருவிகள் பாழாயின. 1854இல் அதே கரையில் ‘பவ்ஹாட்டன்’ கப்பல் உடைந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். 1871இல் சம்னர் கிம்பால் என்ற அரசு அதிகாரி இந்த உயிர்மீட்பு அமைப்பின் பொறுப்பேற்று, சம்பளக் குழுக்களை அமர்த்திப் பயிற்சியும் ஒழுங்கும் கொண்டுவந்த பிறகுதான் நிலைமை மாறியது. அப்போது தொடங்கி, 1915இல் அந்த அமைப்பு கடலோரக் காவல் படையில் இணையும் வரை, அதன் எல்லைக்குள் ஆபத்தில் சிக்கிய 1,78,741 பேரில் உயிரிழந்தவர்கள் 1,455 பேர்.

கணக்கன்:
ஒரு சிறு குறுக்கீடு. யார் பணம் தருவது, யார் கடலுக்குப் போவது என்ற இரண்டு கேள்விகளை நீங்கள் இருவருமே ஒன்றாகக் கட்டிவிட்டீர்கள். ஜெர்மனியில் 1865இல் தொடங்கிய டி.ஜி.இஸட்.ஆர்.எஸ். நன்கொடையால் நடக்கிறது; ஆனாலும் அதன் பெரிய மீட்புக் கப்பல்களில் சம்பளம் பெறும் மாலுமிகள் இரண்டு வாரம் கப்பலிலேயே தங்கிப் பணி செய்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். அதே அமைப்பின் சிறு படகுகளை ஓட்டுபவர்கள் தன்னார்வலர்கள். ஆர்.என்.எல்.ஐ.யிலும் பெரிய படகுகள் உள்ள பல நிலையங்களில் படகுத் தலைவரும் இயந்திரக் கைவினைஞரும் சம்பளக்காரர்கள்தாம். ஆகவே ‘சம்பளமா, சேவையா’ என்று பட்டிமன்றம் வைப்பதற்கு இங்கே இடமே இல்லை.

வாடைக்காற்று:
கணக்கன் அவர்கள் பிரித்துக் காட்டியது பயனுள்ளது. ஆயினும் அமெரிக்கப் புள்ளிவிவரத்தை அப்படியே விட்டுவிட முடியாது. அந்தக் காலத்துக் கப்பல்கள் பெரும்பாலும் கரையோர மணல்திட்டுகளிலேயே மோதி நின்றன. கடற்கரையிலிருந்து சிறு பீரங்கியால் கயிற்றைக் கப்பலுக்கு எறிந்து, அதில் மிதவையைத் தொங்கவிட்டு, ஆட்களை ஒவ்வொருவராக இழுத்து எடுக்க முடிந்தது. எல்லாப் பெருமையையும் சம்பளத்தின் கணக்கில் எழுதுவது சரியாகாது. மேலும், அந்தப் பணியாளர்களுக்குச் சம்பளம் பருவகாலத்துக்கு மட்டுமே கிடைத்தது. ஓய்வூதியம் 1915 வரை இல்லை.

அந்தச் சம்பளத்தோடு வந்த கட்டளையையும் சொல்ல வேண்டும். அலை மிகப் பெரிதாக இருந்ததால் படகை இறக்க முயலவில்லை என்று நிலையத் தலைவர் சொன்னால், உண்மையிலேயே இறக்கிப் பார்த்துத் தோற்றிருந்தால் தவிர அதை ஏற்பதில்லை என்று 1899ஆம் ஆண்டு விதிமுறை எழுதிவைத்தது. தன்னார்வ அமைப்பில் கடலோரக் காவல் அலுவலகம் வேண்டுகோள்தான் விடுக்கிறது. படகை இறக்கலாமா என்பதை நிலையத்தின் பொறுப்பாளரும் படகுத் தலைவரும் முடிவு செய்கிறார்கள். ‘இன்று நான் வரவில்லை’ என்று சொல்லும் உரிமை ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. கடலுக்கு எதிரே நிற்பவனிடம் அந்த உரிமை இருப்பதை நான் எந்தச் சம்பளத்துக்கும் ஈடாக விட்டுக்கொடுக்க மாட்டேன்.

1981 டிசம்பர் 19 இரவு, இயந்திரம் நின்றுபோன ‘யூனியன் ஸ்டார்’ சரக்குக் கப்பலை நோக்கி இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் உள்ள பென்லீ நிலையத்திலிருந்து ‘சாலமன் பிரவுன்’ படகு புறப்பட்டபோது, தந்தை ஏற்கெனவே படகில் இருந்ததால் மகனை ஏற்றிக்கொள்ளப் படகுத் தலைவர் மறுத்துவிட்டார். மேலதிகாரியின் ஆணைப்படி நடந்த செயல் அன்று அது. அந்த வீட்டை அறிந்த ஒருவரின் முடிவு. படகில் சென்ற எட்டுப் பேரும், கப்பலில் இருந்த எட்டுப் பேரும் இறந்தார்கள். மறுநாளே புதிய குழு அமைக்கப் போதுமான ஆட்கள், குழுவினரின் ஊரான மவுஸ்ஹோல் கிராமத்தில் முன்வந்தார்கள்.

நெடுந்திரை:
மறுநாளே ஆட்கள் வந்தார்கள் என்பதை நீங்கள் பெருமையாகச் சொல்கிறீர்கள். நான் அதைக் கேட்டுக் கலங்குகிறேன். எட்டு வீடுகளில் துக்கம் நடக்கும் ஊரில், உடல் வலுவுள்ள ஓர் இளைஞன் ‘நான் வரமாட்டேன்’ என்று வாய்திறந்து சொல்ல முடியுமா? தாளில் உள்ள மறுக்கும் உரிமை வேறு, ஊரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மறுப்பது வேறு. வேலை பிடிக்காத சம்பளக்காரர் விலகல் கடிதம் கொடுத்துவிட்டு வேறு ஊருக்குப் போகலாம். பரம்பரையாகப் படகேறிய குடும்பத்தில் பிறந்தவருக்கு அந்த வாசல் அடைத்தே கிடக்கிறது.

சிப்பிக்கரை:
நீங்கள் எல்லோரும் புயலையும் உடைந்த கப்பலையும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். இன்றைய அழைப்புகளில் பெரும்பகுதி அப்படிப்பட்டவை அல்ல. ஓதம் ஏறிப் பாறையில் மாட்டிக்கொண்டவர், எரிபொருள் தீர்ந்த உல்லாசப் படகு, காற்றில் ஆழத்துக்குத் தள்ளப்பட்ட துடுப்புப் பலகை, கரைக்குத் திரும்பாத நீச்சல்காரர் ஆகியவைதான் அதிகம். இவற்றுக்குப் போவதும் பெரும்பாலும் சிறிய ரப்பர் படகுதான். அது எளிய வேலை என்றும் எண்ண வேண்டாம். நெடுநேரம் குளிர்நீரில் கிடந்தவரை நிமிர்த்தித் தூக்கினால், அதுவரை உடலைத் தாங்கியிருந்த நீரின் அழுத்தம் திடீரென விலகி, இரத்த அழுத்தம் சரிந்து, காப்பாற்றிய கையிலேயே அவர் உயிர் போகலாம்; ஆகவே முடிந்தவரை படுக்கைவாக்கில் எடுக்கக் கற்றுத்தருகிறார்கள். குழுவில் சேருபவர்களில் கடல் தொழில் தெரிந்தவர் பத்தில் ஒருவர்தான் என்று ஆர்.என்.எல்.ஐ.யே சொல்கிறது. ஆசிரியரையும் கடைக்காரரையும் மீட்பாளராக்குவதற்காகத்தான் இங்கிலாந்தின் பூல் நகரில், செயற்கை அலைகளை எழுப்பும் குளத்தோடு ஒரு கல்லூரியையே நடத்துகிறார்கள். உயிரோடு கிடைக்காதவரைத் தூக்கி வந்த மறுநாள் காலை அந்த ஆசிரியர் வகுப்புக்குப் போகிறார் என்பதையும் இந்த விவாதத்தில் யாராவது எடைபோட வேண்டும்.

நெடுந்திரை:
சிப்பிக்கரை அவர்கள் சொன்னது என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. மாதச் சம்பளம் இல்லாவிட்டால் போகட்டும். ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு தொகை, இழந்த பணிநேரத்துக்கு முதலாளிக்கு ஈடு, இறந்தாலோ முடமானாலோ குடும்பத்துக்குச் சட்டப்படியான ஓய்வூதியம் ஆகிய மூன்றையும் அரசு ஏற்கட்டும்.

வாடைக்காற்று:
இரண்டாவதையும் மூன்றாவதையும் மறுக்க எனக்குக் காரணம் இல்லை. முதலாவதை மட்டும் ஏற்க மாட்டேன். அழைப்புக்கு இவ்வளவு என்று விலை வைத்தால், தேவையில்லாதபோது படகை இறக்கினார்கள் என்ற சந்தேகம் பிறக்கும். பொறுப்பாளர் ‘இன்று வேண்டாம்’ என்று சொல்லும் இரவில், நம் கூலியைத் தடுத்தார் என்று ஒருவராவது நினைப்பார். ஒருவரையொருவர் முழுதாக நம்பிப் படகேறும் ஆறு பேருக்கு நடுவில் அந்த நினைப்பை நான் வைக்க மாட்டேன்.

கணக்கன்:
நீங்கள் இருவரும் உடன்பட்ட அந்த இரண்டாவது அம்சத்திலேயே நெருக்கடி உட்கார்ந்திருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு ஆள் கிடைத்துவிடுகிறார்கள். காலை பதினொரு மணிக்கு யார் வருவார்? துறைமுகத் தெருக்களில் வீட்டு விலை ஏறி, உழைக்கும் வயதினர் உள்நாட்டுக்குக் குடிபெயர்ந்து, தொலைவில் உள்ள அலுவலகங்களில் வேலை பார்க்கிறார்கள். முதலாளி மனமுவந்து அனுமதித்தாலும், பத்து மைலுக்கு அப்பால் இருப்பவர் வந்து சேர்வதற்குள் வாடைக்காற்று அவர்கள் சொன்ன அந்தப் பத்து நிமிடங்கள் கரைந்துவிடும். அரசு பணம் செலவழிக்கத்தான் விரும்புகிறது என்றால், படகு நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் குழுவினர் குடியிருக்க வாடகை வீடுகளைக் கட்டட்டும் என்பது என் கோரிக்கை.