உப்பளப் படத்தொடர்: எந்தத் தாள், எந்த அளவு, எப்படி மாட்டுவது?

முத்துநகரி:
விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இறுதியாண்டு படிக்கிறேன். தூத்துக்குடி உப்பளங்களில் எடுத்த 14 கலர் படங்களை அடுத்த மாதம் கல்லூரியில் காட்சிக்கு வைக்க வேண்டும். எனக்கு ஒதுக்கியிருப்பது 24 அடிச் சுவர், மேலே டியூப் லைட். எல்லாம் 24 மெகாபிக்சல், கிடைமட்டம். ஒரு படத்தை லேபில் 12×18 அங்குலப் பளபளப்புத் தாளில் போட்டுப் பார்த்தேன். உப்பு அம்பாரம் எது, வானம் எது என்றே தெரியவில்லை. தாளில் டியூப் லைட் வேறு மின்னுகிறது. மேட் தாளுக்கு மாறினால் சரியாகுமா? எல்லாவற்றையும் 20×30-இல் போடலாமா? கண்ணாடி ஃப்ரேமுக்குக் காசு இல்லை.

லேப்காரன்:
தங்கச்சி, மேட் தாள் லைட் மின்னுவதைத் தீர்க்கும், வெள்ளையைத் தீர்க்காது. ரா கோப்பு (கேமரா சுருக்காமல் பதிந்த மூலக் கோப்பு) இருக்கிறதா? இருந்தால் முதலில் ஹைலைட்டை, அதாவது படத்தின் மிக வெளிச்சமான பகுதிகளை, இறக்குங்கள். வெளிச்ச அளவு 0 கறுப்பு, 255 முழு வெள்ளை; உப்பு 255-இல் நின்றால் அங்கே மையே விழாது, வெறும் தாள்தான் தெரியும். 240, 245 பக்கம் கொண்டுவந்தால் உப்பின் மணல்மணலான தன்மை தாளில் வரும். திரை வெளிச்சத்தை முழுசாக ஏற்றி வைத்துத் திருத்தாதீர்கள். திரையில் பளிச்சென்று இருப்பது தாளில் மங்கிப்போகும். கோப்பை எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான வண்ண அமைப்பில் கொடுத்து, "ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மெஷின் தன் இஷ்டத்துக்கு மாற்றும்.

வெளிச்சக்கீற்று:
நல்ல வேலைக்கு நல்ல தாள் வேண்டும். ஹானெமூலே போட்டோ ராக் 308 மாதிரி பருத்தித் தாளில் பிக்மென்ட் மையில் (நிறமித் துகள் மை) போடுங்கள். உப்பின் வெள்ளைக்கு அந்தத் தாள் அவ்வளவு பொருந்தும்.

லேப்காரன்:
பொருந்தும்தான். ஆனால் கண்ணாடி இல்லாமல் கல்லூரி வராந்தாவில் மாட்டினால் ஒரு விரல் பட்டாலே கறை. பெட்டியில் வைத்துக் கையில் கொடுக்கும் போர்ட்ஃபோலியோ என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். சுவருக்கு லஸ்டர் தாள் (பளபளப்புக்கும் மேட்டுக்கும் நடுவில் உள்ளது) போதும். பளபளப்பும் குறைவு, கறுப்பும் மேட்டைவிட ஆழமாக வரும்.

சுவர்ப்பக்கம்:
அளவுக்கு வருவோம். 24 மெகாபிக்சல் என்றால் 6000×4000 பிக்சல். அதை 12×18-இல் போட்டால் அங்குலத்துக்கு 333 பிக்சல், 20×30-இல் 200. தள்ளி நின்று பார்க்க இரண்டுமே போதும். இடிப்பது சுவர்தான். 18 அங்குலப் படம் 14 வைத்தாலே 21 அடி போய்விடும். மீதி 3 அடியை 15 இடைவெளிக்குப் பிரித்தால் படங்கள் ரயில் பெட்டி மாதிரி ஒட்டி நிற்கும்.

என் யோசனை: 9 படம். ஒன்று மட்டும் 20×30, மற்ற எட்டும் 12×18. இடைவெளி ஏறக்குறைய ஒரு அடி கிடைக்கும். பெரியது எது என்பதில்தான் தொடரின் உயிர் இருக்கிறது. அழகான அம்பாரத்தைப் பெரிதாக்க ஆசை வரும். பாத்தியில் உப்பு வாருகிற ஆள் இருக்கும் படத்தைப் பெரிதாக்குங்கள். எல்லாப் படத்தின் நடுப்பகுதியும் தரையிலிருந்து 57 முதல் 60 அங்குல உயரத்தில் இருக்கட்டும். பெரியதற்கும் அதே கணக்குதான், மேல் விளிம்பைச் சமன்செய்ய வேண்டாம்.

முத்துநகரி:
ரா இருக்கிறது அண்ணா. இறக்கிப் பார்த்தேன், வானத்துக்கும் உப்புக்கும் நடுவில் கோடு தெரிகிறது! இரண்டு படத்தில் மட்டும் வெள்ளையில் விவரம் எதுவும் திரும்பவில்லை, அவை போகட்டும். வெள்ளை பார்டர் விடலாமா? ஒட்டுவது எப்படி?

லேப்காரன்:
உங்கள் படத்துக்கு வெள்ளை பார்டர் ஆபத்து, உப்பும் பார்டரும் ஒன்றாகிவிடும். விட்டே ஆக வேண்டுமென்றால் படத்தைச் சுற்றி மெல்லிய சாம்பல் கோடு போடுங்கள். நான் பார்டரே இல்லாமல் 5 மி.மீ. சன்போர்டில் (எடை குறைந்த நுரை அட்டை) ஒட்டச் சொல்வேன். லேபிலேயே ரோலரில் ஒட்டித் தருவார்கள். வீட்டில் டபுள் சைடு டேப் வைத்து ஒட்டினால் நடுவில் காற்றுக் குமிழி, மூலையில் சுருட்டல்.

மொத்தமாக ஆர்டர் கொடுக்குமுன் நான்கு படங்களின் கீற்றுகளை ஒரே 12×18 தாளில் அடுக்கிச் சோதனைப் பிரதி எடுங்கள். ஒரு தாள் காசுதான். அதை லேபில் வைத்துப் பார்க்காமல், அந்தச் சுவரில், அந்த டியூப் லைட்டின் கீழ் பாருங்கள்.

சுவர்ப்பக்கம்:
ஆணி அடிக்க விடுவார்களா என்று அலுவலகத்தில் இப்போதே கேட்டு வையுங்கள். இல்லையென்றால் மேலே கம்பி கட்டி நைலான் நரம்பில் தொங்கவிடலாம். அப்புறம், சன்போர்டில் ஒட்டாத ஒரு செட் 6×9-இல் போட்டு உப்பளத்து ஆட்களுக்குக் கொடுங்கள்.

முத்துநகரி:
ஆணிக்கு அனுமதி இல்லையாம், கம்பிதான். 9 படம் தேர்ந்தெடுத்துவிட்டேன், பெரியது எது என்று மட்டும் இன்னும் இழுபறி. நாளை கீற்றுப் பிரதி கொடுக்கிறேன்.