தினமும் பார்த்த முகம் திடீரென்று வராமல் போனால்

கேள்வி: குரோம்பேட்டைவாசி

வணக்கம். வேலைக்காகச் சென்னைக்கு வந்து, குரோம்பேட்டையில் ஒற்றை அறை வாடகை வீட்டில் தனியாக வசிக்கிறேன். தனியாக இருப்பது எனக்குச் சுமையாக இருந்ததில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவன் என்பதால், கதவைச் சாத்திக்கொண்டு யாருக்கும் பதில் சொல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுதாகக் கழிப்பது இன்றுவரை பெரிய சலுகையாகவே தோன்றுகிறது. ஆகவே, திருமணம் செய்துகொள், நண்பர்களைத் தேடிக்கொள் என்னும் அறிவுரைகளைத் தயவுசெய்து தவிர்க்கவும். அவற்றைத் தருவதற்கு ஊரில் போதிய ஆட்கள் இருக்கிறார்கள்.

காலையில் கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் ஏறி நுங்கம்பாக்கத்தில் இறங்குவது என் வழக்கம். நேரமும் மாறாது, பெட்டியும் மாறாது என்பதால் உடன் வருபவர்களில் பலர் முகப்பழக்கம் உள்ளவர்கள். அவர்களுள் ஒருவர் அடுத்த நிலையமான பல்லாவரத்தில் ஏறும் பெரியவர். நாளிதழை நான்காக மடித்து வைத்துக்கொண்டு குறுக்கெழுத்துக் கட்டங்களை நிரப்பியபடியே வருவார். கிண்டி வருவதற்குள் முடித்துவிட்டால் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிவிட்டு நிமிர்வார். எதிரே நான் இருந்தால் லேசாகத் தலையசைப்பார். இதற்கு மேல் எங்களுக்குள் எதுவும் இல்லை. அவர் பெயர் எனக்குத் தெரியாது. வேலைக்குத்தான் போகிறாரா, வேறு எங்காவது போகிறாரா என்பதும் தெரியாது.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு அவரைக் காணவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். இப்போது தை பிறந்துவிட்டது. பல்லாவரம் நடைமேடை வந்ததும் என்னையறியாமல் சன்னல் வழியே தேடுகிறேன். அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் வேறொருவர் வந்து அமர்ந்தால் எரிச்சல்கூட வருகிறது. ஒரு வார்த்தையும் பேசியிராத மனிதரைப் பற்றி இவ்வளவு நினைப்பது இயல்பானதுதானா? அவரிடம் பேசியிருக்க வேண்டுமா? அல்லது பேசாமல் இருந்ததால்தான் இந்தப் பழக்கம் இத்தனை காலம் உறுத்தலின்றி நீடித்ததா? இப்படிப்பட்ட முகங்களோடு பழகியவர்கள் சொல்லுங்கள்.

பதில்: மீட்டர்கேஜ் காலத்தவன்

தம்பி, 1980களின் தொடக்கத்திலிருந்து பணி ஓய்வு பெறும்வரை தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே சீசன் டிக்கெட்டில் போய்வந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். இந்தப் பாதையில் மின்சார வண்டி ஓடத் தொடங்கியது 1931-இல். மீட்டர் கேஜ் மின்சார வண்டிகள் கடைசியாக நின்றது 2004-இல். அந்தப் பெட்டிகள் குறுகலானவை. எதிரெதிரே உட்கார்ந்தவர்களின் முழங்கால்கள் ஒன்றோடொன்று இடிக்கும். அந்த முழங்கால்களின் மேலேயே ஒரு பெட்டியை வைத்து, அதன்மேல் துண்டை விரித்துச் சீட்டாடிக்கொண்டு வருவார்கள். ஆடிப்பாடிக்கொண்டு வந்த அந்தக் கூட்டத்தில் யாராவது ஒருவர் வீட்டுத் திருமணம் என்றால் பெட்டியே கிளம்பிப் போகும்.

ஆனால் அதே பெட்டியில் உங்கள் பெரியவரைப் போன்றவர்களும் இருந்தார்கள். சன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வருவார்கள். யாரிடமும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அவர்களை யாரும் வற்புறுத்தி இழுக்கவும் மாட்டார்கள். அப்படிப்பட்டவர் ஒரு வாரம் வராவிட்டால், எங்கே அந்த ஆள் என்று முதலில் கேட்டவர்கள் சீட்டாடியவர்கள்தாம். பேசினால்தான் ஒருவரைக் கணக்கில் சேர்த்திருக்கிறோம் என்று பொருளல்ல என்பதை அங்கே பார்த்திருக்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு, 2020 மார்ச்சில், வண்டிகள் அடியோடு நின்றன. பொதுப் பயணிகளைப் படிப்படியாக மீண்டும் ஏற்றிக்கொள்ளத் தொடங்கும்போது அந்த ஆண்டே முடியப் போயிற்று. திரும்பி வந்து பார்த்தால், இருக்கைகளில் பாதி முகங்கள் புதியவை. பேசிப் பழகியவர்களின் செய்தி கைபேசி வழியாக ஏற்கெனவே வந்திருந்தது. நல்லதும் வந்தது, கெட்டதும் வந்தது. பேசாதவர்களைப் பற்றி மட்டும் எதுவுமே தெரியவில்லை. வேலை போயிற்றா, வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்களா, இருக்கிறார்களா, யாரிடம் கேட்பது? நீங்கள் ஒருவருக்காகப் படும் தவிப்பை நாங்கள் அன்று மொத்தமாகப் பட்டோம். ஆகவே இயல்பா என்று கேட்காதீர்கள்.

இதற்கிடையில் ஒரு செய்தி. 2025-இல் வந்த குளிர்சாதன மின்சார ரயிலில் கதவுகள் தாமாக மூடிக்கொள்கின்றன. படிக்கட்டில் தொற்றிக்கொண்டு வருகிறவர்களின் தனிச் சிநேகிதத்துக்கு அங்கே இடமில்லை. உயிருக்கு நல்லது என்பதால் நான் குறை சொல்லமாட்டேன்.

ஒருநாள் பல்லாவரத்தில் இறங்கி, நிலையத்து வாசலில் உள்ள தேநீர்க் கடையிலும் நாளிதழ்க் கடையிலும் விசாரியுங்கள். குறுக்கெழுத்துப் போடுகிறவர் நாளிதழை எங்கோ ஓரிடத்தில் வாங்கித்தானே ஆக வேண்டும்? அரை மணி நேரம் தாமதமானால் அலுவலகம் ஒன்றும் இடிந்துவிடாது.

பதில்: நுண்நோக்கி

உளவியல் படித்தவன் என்பதால் இதில் சற்று விரிவாகச் சொல்ல இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1972-இல் இதே பொருளைப் பற்றி எழுதினார். அடிக்கடி பார்க்கிறோம், அடையாளம் தெரிகிறது, ஆனால் பேசியதில்லை என்னும் மனிதர்களை அவர் பழகிய அந்நியர்கள் என்று அழைத்தார். அவருடைய மாணவர்கள் புறநகர் ரயில் நிலையங்களில் காலை நேரத்தில் காத்து நின்றவர்களைப் படம் எடுத்து, படத்தில் இருந்தவர்களுக்கு எண்ணிட்டு, அதே நேரத்தில் வரும் பயணிகளிடம் அடுத்த வாரம் கொடுத்துக் கேட்டார்கள். ஒரு பயணிக்குச் சராசரியாக நான்கு பேரின் முகம் தெரிந்திருந்தது, ஆனால் அவர்களோடு பேச்சு இல்லை. பேசிய பழக்கம் இருந்தவர்களோ சராசரியாக ஒன்றரைப் பேர்தான். பேசாத முகங்களைப் பற்றி மனத்துக்குள் கதை கட்டிப் பார்த்ததாகவும் பலர் ஒப்புக்கொண்டார்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது மில்கிராம் கவனித்த இன்னொன்று. நாள்தோறும் ஒரே இடத்தில் பேசாமல் இருந்தவர்கள், அதே இடத்தில் பேசத் தொடங்குவது நாளாக ஆகக் கடினமாகிறது. ஆனால் அதே இருவர் வெகு தொலைவில் எங்காவது எதிர்ப்பட்டால் உடனே நின்று பேசிவிடுகிறார்கள். நீங்களும் அந்தப் பெரியவரும் மதுரைப் பேருந்து நிலையத்தில் எதிரெதிரே வந்திருந்தால், "நீங்கள் காலை வண்டியில் வருகிறவர் அல்லவா?" என்று ஒருவர் நிச்சயம் கேட்டிருப்பீர்கள். ஆகவே இத்தனை காலம் பேசாதது உங்கள் கூச்சத்தின் விளைவென்றோ அக்கறையின்மை என்றோ எண்ண வேண்டியதில்லை. அந்த இடமும் அந்த நேரமும் சேர்ந்து அமைத்துக் கொடுத்த ஏற்பாடு அது. புரூக்ளினில் ஒரு பெண் தெருவில் மயங்கி விழுந்தபோது, பல ஆண்டுகளாக அவரைப் பார்த்து மட்டுமே வந்த அதே தெருப் பெண் ஒருவர் ஆம்புலன்ஸை வரவழைத்து, அவரோடு மருத்துவமனைவரை போய், அவருடைய பொருள்கள் காணாமல் போகாதபடி பார்த்துக்கொண்டதையும் மில்கிராம் பதிவு செய்திருக்கிறார். பேசாமல் இருந்ததால் பொறுப்பு இல்லாமல் போய்விடவில்லை.

மறுபக்கமும் உண்டு. நிக்கலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் ஆகிய இருவரும் சிகாகோ புறநகர் ரயில்களில் செய்த ஆய்வு 2014-இல் வெளியாயிற்று. பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டு போகும்படி சிலரிடமும், தனியாக அமர்ந்து போகும்படி வேறு சிலரிடமும், வழக்கம்போலப் போகும்படி மற்றவர்களிடமும் சொன்னார்கள். பேசியவர்களே பயணம் அதிக மகிழ்ச்சியாக இருந்ததாகச் சொன்னார்கள். ஆனால் முன்கூட்டியே ஊகிக்கச் சொன்னபோது, தனியாகப் போவதே இனிது என்றுதான் மக்கள் எண்ணினார்கள். இந்த ஆய்வை எடுத்துக்கொண்டு, எல்லாரும் எல்லாரிடமும் பேசுங்கள் என்று பரப்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அங்கே பேசியது ஒரு பயணத்துக்கு மட்டும். உங்கள் வண்டியிலோ இன்று பேசினால் நாளையும் பேச வேண்டும். பேச மனமில்லாத நாளில் பெட்டி மாறி ஏற வேண்டியிருக்கும். தனிமையை விரும்புகிற ஒருவருக்கு அந்த நாளைய பாக்கிதான் தொல்லை, இன்றைய பேச்சு அல்ல.

பதில்: மகிழம்பூ

மேலே எழுதிய மூவரும் ஆண்கள் என்று எண்ணுகிறேன். மகளிர் பெட்டியில் நிலைமை தலைகீழ். அங்கே பேசாமல் வருவதுதான் பெரும்பாடு. எந்த ஊர், எங்கே வேலை என்று தொடங்கும் பேச்சு மாம்பலம் வருவதற்குள் எத்தனை குழந்தைகள் என்பதை எட்டி, சைதாப்பேட்டையில் ஏன் இல்லை என்று கேட்டு, பரங்கிமலையில் ஒரு மருத்துவரின் முகவரியைக் கையில் கொடுத்துவிடும். அன்பினால்தான் கேட்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே நான் வேறு பெட்டிக்கு மாறினேன். கேள்வி கேட்காத ஒரு முகத்தின் அருமையைக் குரோம்பேட்டைவாசி உணர்ந்திருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது.

அதே பெட்டியில் பேச்சே தேவைப்படாத ஒரு வழக்கமும் உண்டு. நிற்கிறவர் தம் பையை உட்கார்ந்திருப்பவரின் மடியில் வைத்துவிடுவார். கேட்பதும் இல்லை, நன்றி சொல்வதும் இல்லை. சாப்பாட்டுக் கூடை, ஈரக்குடை, சில நேரம் கைக்குழந்தைகூட அப்படி மடி மாறும். ஒருவரின் பையை மாதக்கணக்கில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். சாம்பார் கொட்டாமல் எப்படிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்பதுகூட எனக்கு அத்துப்படி. அவர் பெயரை நான் கேட்டதில்லை. இறங்கும்போது பையை எடுக்கும் கை என் தோளை ஒருமுறை தொடும், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நுண்நோக்கி குறிப்பிடும் சிகாகோ ஆய்வைப் படித்துவிட்டு, பக்கத்தில் வரும் பெண்ணிடம் பேச்சுக் கொடுக்கலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். பொதுப் பெட்டியில் கைபேசியைப் பார்த்துக்கொண்டு வரும் பெண்களில் பலர் அதில் எதையும் படிப்பதில்லை. பேச்சு வராமல் இருப்பதற்காகவே அதைக் கையில் வைத்திருக்கிறார்கள்.

பதில்: குரோம்பேட்டைவாசி

எல்லாருக்கும் நன்றி. ஐயா சொன்னபடியே பல்லாவரத்தில் இறங்கி விசாரித்தேன். நாளிதழ்க் கடைக்காரர், "வேட்டி கட்டுகிறவரா, பேண்ட் போடுகிறவரா?" என்று கேட்டார், எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. நாளிதழை நான்காக மடிப்பார் என்றதும், "கட்டம் போடுகிறவரா?" என்று அவரே கண்டுபிடித்துவிட்டார். அவரும் மழைக்காலத்திலிருந்து அவரைப் பார்க்கவில்லையாம். வீடு எந்தப் பக்கம் என்பதும் அவருக்குத் தெரியாதாம். வந்தால் சொல்வதாக என் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டார்.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. எங்களுக்காவது வண்டி இருக்கிறது. தனியாக வாழும் முதியவர்களுக்கு, வெளியே போகவே வேண்டாத நிலையில், இத்தகைய முகங்கள் எங்கிருந்து கிடைக்கும்?

பதில்: நங்கநல்லூர் டீச்சர்

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லலாம். கணவர் இறந்த பிறகு நங்கநல்லூரில் தனியாக இருக்கிறேன். மகன் வெளிநாட்டில் இருக்கிறான். மகன் அங்கிருந்தபடியே செயலியில் பதிவு செய்தால், பாலும் அரிசியும் மாத்திரையும் பத்துப் பதினைந்து நிமிடங்களில் வாசலுக்கு வந்துவிடுகின்றன. கொண்டுவரும் பையன் பையைக் கதவருகே வைத்துப் படம் எடுத்துவிட்டு, நான் எழுந்து வருவதற்குள் போய்விடுகிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அடுத்த வீட்டுக்கு அவன் ஓட வேண்டும். ஆனால் மாதம் முழுவதும் எல்லாம் வந்து சேர்ந்திருக்கும், ஒரு முகத்தைக்கூட நான் பார்த்திருக்கமாட்டேன்.

நெதர்லாந்தில் யும்போ என்னும் கடைக்காரர்கள், அவசரமில்லாமல் பேசிக்கொண்டே பணம் கட்ட விரும்புகிறவர்களுக்கென்று தனிக் கல்லாவையே 2019-இல் திறந்தார்கள். படித்தபோது சிரிப்பு வந்தது. நம் தெரு அண்ணாச்சிக் கடையில் எல்லாக் கல்லாவும் அப்படித்தானே என்று நினைத்தேன். பிறகு, அந்தக் கடைக்கு நானே கடைசியாக எப்போது போனேன் என்று யோசித்தேன்.

அதனால் மகனோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டேன். கனமான சாமான்களை அவன் அனுப்பட்டும். கீரை, பூ, தயிர் மூன்றையும் நான்தான் வாங்குவேன், அதுவும் அன்றன்றைக்கு. குளிர்பெட்டியில் ஒரு வாரக் கீரையை வாங்கி அடைத்துவைக்க இடம் இருக்கிறது, வைப்பதில்லை. கீரைக்காரம்மாவோடு நான் பேசுவது மொத்தமாக ஒரு நிமிடம்கூட இருக்காது. வெயில், மழை, விலை, அவருடைய கால்வலி, என்னுடைய கால்வலி, அவ்வளவுதான். மகிழம்பூ சொன்ன கேள்விகள் எதையும் அவர் கேட்டதில்லை. அவருக்கு நேரமும் இல்லை.

ஒருமுறை நான் யாரிடமும் சொல்லாமல் திருச்சிக்குப் போய்விட்டேன். இரண்டு நாள் குரல் கொடுத்துப் பார்த்த கீரைக்காரம்மா, எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, "டீச்சரம்மா வீட்டில் சத்தத்தையே காணோம், பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எதிர்வீட்டுக்காரர் எனக்குத் தொலைபேசி செய்த பிறகுதான் எனக்கே செய்தி தெரிந்தது. இப்போது ஊருக்குப் போகும்முன் அவரிடம் சொல்லிவிடுகிறேன். பெயர் கேட்டால் உறவு முறிந்துவிடுமோ என்று தயங்கிக்கொண்டிருக்கும் குரோம்பேட்டைவாசிக்கு ஒரு தகவல்: நாங்கள் இன்னும் ஒருவர் பெயரை ஒருவர் கேட்டதில்லை, எண்களை மட்டும் மாற்றிக்கொண்டோம். ஆய்வதற்கு நேரம் பிடிக்கும் என்று நான் எப்போதும் ஒதுக்கும் கீரை ஒன்று உண்டு. அவருடைய மகன் தன் அம்மாவின் கைபேசியில் என்னை "முருங்கை வேண்டாம் டீச்சர்" என்று பதிந்து கொடுத்திருக்கிறான்.