சும்மா நிற்பதையும் அளக்கிறார்கள்: உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எப்படி?

சுங்கை சிப்புட் வாசி:

எங்கள் தாமான் கோயில் மண்டபத்துக்கு ஒரு பல்கலைக்கழகத்து ஆய்வுக் குழு வந்திருந்தது. வயதானவர்கள் ஏன் விழுகிறார்கள் என்று பார்க்கிறார்களாம். பசியாறலும் உண்டு என்றதும் பழைய தோட்டத்துச் சனம் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்து, தோட்டத்து லய வீடுகளை உடைத்த பிறகு, இத்தனை பேர் ஒன்றாகக் கூடுவது திருவிழாவுக்கு மட்டும்தான்.

கருவி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. எடை பார்க்கும் மெஷினைவிடக் கொஞ்சம் அகலமான தட்டு. நான்கு மூலையிலும் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்று அது உணரும். அதை வைத்து, நம் பாரம் பாதத்தின் எந்தப் புள்ளியில் விழுகிறது என்று கணக்கிட்டு லேப்டாப் கோடு போட்டுக்கொண்டே போகும். செருப்பைக் கழற்றி, கையைத் தொங்கவிட்டு, சுவரில் ஒட்டிய கறுப்புப் புள்ளியைப் பார்த்தபடி அரை நிமிடம் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

"இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே ஒரு பழைய கங்காணி ஏறி நின்றார். திரையில் கோழி கிளறிய மண் மாதிரி ஒரே கிறுக்கல். "நான் ஆடவே இல்லையே தம்பி!" என்று அவருக்குக் கோபம். குழுவில் இருந்த பையன் தானும் ஏறிக் காட்டினான். அவனுக்கும் கிறுக்கல்தான், ஆனால் சின்னதாக, ஒரே இடத்தில். ஆடாமல் நிற்கிற மனிதனே கிடையாதாம். உடம்பு லேசாக முன்னால் சாயும், கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடிக்கும், மறுபடி சாயும். சின்னப் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டம் அதிகம். வளர வளரக் குறையும். வயதானபின் திரும்பக் கூடும். கோடு எவ்வளவு நீளம், எவ்வளவு வேகம் என்பதுதான் அவர்களுக்குக் கணக்கு.

அப்புறம் என் பெரியம்மா ஏறினார். வயது 76. இருட்டோடு எழுந்து, நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு மேட்டுக்காட்டில் பாலெடுக்க மரம் வெட்டியவர். தோளில் சுமக்கும் காண்டாக் கம்பின் இரண்டு பக்கமும் பால் வாளி தொங்க, மழை பெய்த சறுக்கலில் இறங்கியவர். கண் திறந்திருந்தபோது அவர் கோடு, அவரைவிட இளையவர்களுடையதைவிடச் சின்னது! எல்லோரும் கைதட்டினார்கள். கண்ணை மூடச் சொன்னார்கள். இரண்டு மூச்சு விடுவதற்குள் உடம்பு பின்னால் போயிற்று. பின்னால் தயாராக நின்ற பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பாட்டி, இனிப்பு நீர் இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டாள். சர்க்கரை நோயைத்தான் கேட்டாள். இருக்கிறது, வெகு நாளாக. உட்காரவைத்து, மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலில் தொட்டுத் தொட்டுக் கேட்டாள். கட்டைவிரலுக்குக் கீழே பெரியம்மாவுக்கு ஒன்றுமே தெரியவில்லை. நிற்பதற்குக் கண், உட்காது, பாதத்தின் உணர்வு மூன்றும் தகவல் தர வேண்டும். இவருக்குப் பாதம் ஓய்ந்துபோய், அதன் வேலையையும் கண்ணே பார்த்துவந்திருக்கிறது. இரவில் குளியலறைக்குப் போகும்போது மட்டும் ஏன் விழுகிறார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாங்கள் காலில் பலமில்லை என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி அளந்திருக்கிறார்களா?

பிசியோ அக்கா, கோலகங்சார்:

இங்கே தினம் பார்ப்பதுதான். கண்ணைத் திறந்தும் மூடியும் நிற்கவைத்து ஒப்பிடுவது ரோம்பர்க் சோதனை. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் ஒருவரின் பெயர் அது. தட்டு வந்தபிறகு எண் கிடைக்கிறது, அவ்வளவே. 2019 தேசிய சுகாதார ஆய்வில் நம் மலேசியாவில் 18 வயதைத் தாண்டியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். அதில் இந்தியர்கள்தான் முன்னால். அதனால் நம் ஆட்களுக்கு உள்ளங்காலையும் சேர்த்துப் பார்க்காமல் வெறும் ஆட்டத்தை அளப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஒற்றைக்கால் சோதனை பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, "10 விநாடி நிற்காவிட்டால் சாவு" என்று, அது பாதிக் கதை. 2022இல் வந்த பிரேசில் ஆய்வு, 51 முதல் 75 வயது வரை 1,702 பேர். 51-55 வயதில் நிற்க முடியாதவர் ஏறக்குறைய 5 விழுக்காடு, 71-75இல் 54. முடியாதவர்களிடையே அடுத்த சில ஆண்டுகளில் இறப்பு அதிகம் என்பது உண்மை. ஆனால் அவர்களில் பலருக்கு ஏற்கெனவே நோய் இருந்தது. கால் இறங்கியதால் யாரும் சாகவில்லை.

2024இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 50 வயதுக்கு மேற்பட்ட ஆரோக்கியமான 40 பேரை அளந்தார்கள். நடையில் பெரிய மாற்றம் தெரியவில்லை. பழக்கமில்லாத காலில் நிற்கும் நேரம் மட்டும் பத்து வருஷத்துக்கு 2.2 விநாடி வீதம் குறைந்திருந்தது. பிடிபலம், முழங்கால் பலம் எல்லாவற்றையும்விட இதுதான் வேகமாக இறங்கியது. கண்ணை மூடி நிற்கும்போது ஆட்டம் பத்து வருஷத்துக்கு 10 விழுக்காடு கூடியது. நன்றாகத்தானே நடக்கிறார் என்று நாம் சும்மா இருந்துவிடுகிறோம், பாருங்கள்.

வீட்டில் செய்வதானால் சமையல் மேடையை ஒட்டி, ஒருவர் பக்கத்தில் நிற்க. கண்ணை மூடும் சோதனையைத் தனியாகச் செய்யவே வேண்டாம்.

பீடோர் மருமகன்:

எங்கள் ஊர்க் கோப்பிக் கடையில் இது பந்தயமாகவே நடந்தது. தோற்றவர் தே தாரேக் வாங்கித் தர வேண்டும். என் மாமனார் ஒற்றைக்காலில் அசையாமல் நின்றார், அறுபத்தெட்டு வயசு. எதிரில் இருந்தவர் மெதுவாக, "என்னா மச்சான், அந்தப் பழைய இருநூறு ரிங்கிட் என்னாச்சு?" என்றார். கால் இறங்கிவிட்டது. இது கள்ளாட்டம் என்று இன்றுவரை சண்டை.

பிசியோ அக்கா:

கள்ளாட்டமே இல்லை. பேச்சுக் கொடுத்துக்கொண்டோ, நூறிலிருந்து மூன்று மூன்றாகக் கழிக்கச் சொல்லியோ நாங்களும் அளப்போம். வயதானபின் நிற்பதற்கே மனசு கொஞ்சம் வேண்டியிருக்கிறது. அதைப் பங்குபோட்டால் ஆட்டம் கூடும். உங்கள் மாமனாரின் நண்பரை எங்களிடம் வேலைக்கு அனுப்புங்கள்.

குலிம் தங்கச்சி:

அம்மாவுக்குத் தட்டில் நல்ல எண்தான் வந்தது, ஆனாலும் காலையில் கட்டிலைவிட்டு எழுந்ததும் விழுவார். படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்றதும் ஒரு தடவை பிரஷர் பார்த்த பிறகுதான் தெரிந்தது, நின்றவுடன் இறங்கிவிடுகிறது. பிரஷர் மாத்திரையை டாக்டர் மாற்றிக் கொடுத்தார். அசையாமல் நின்று எடுக்கும் சோதனையில் இது எப்படித் தெரியும்?

சுங்கை சிப்புட் வாசி:

தங்கச்சி சொன்னதைக் குழுவிடம் கேட்டேன். அடுத்த முறை வருபவர்கள் தினம் சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவர வேண்டுமாம், கண்ணாடியையும் மறக்கக் கூடாதாம். பெரியம்மா அறையிலிருந்து குளியலறை வரை ஆள் வந்தால் எரியும் விளக்கு மாட்டிவிட்டேன். பூனை போனாலும் எரிகிறது, கரண்டு பில்லை யார் கட்டுவது என்று ஏசிக்கொண்டிருக்கிறார்.