ரக்பி லீக் கிராமத்து கிளப்புகள் நூறு வருஷம் தாண்டி எப்படி ஓடுகின்றன?

குடியாத்தத்துக்காரன்:
அக்கா வட இங்கிலாந்தில் ஹட்டர்ஸ்ஃபீல்டில் நர்ஸ். போன மாதம் போயிருந்தபோது பக்கத்தில் ஹோம்ஃபர்த் என்ற ஊருக்குக் கூட்டிப்போனார், மலைச்சரிவுக்கு நடுவே சின்னப் பள்ளத்தாக்கு, நம்ம பேரணாம்பட்டு அளவுகூட இருக்காது. அங்கே அண்டர்பேங்க் ரேஞ்சர்ஸ் என்று ஒரு ரக்பி லீக் கிளப் (முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம்), 1884-இல் ஆரம்பித்ததாம். யாருக்கும் சம்பளம் இல்லை, ஆனால் மழையில் நனைந்துகொண்டே சின்னப் பசங்கள் பயிற்சி எடுக்கிறார்கள். எங்கள் தெரு கபடி டீம் ஐந்து பொங்கலைத் தாண்டவில்லை. அப்புறம், இந்த லீக் ரக்பி சாதாரண ரக்பியிலிருந்து வேறயா?

காட்பாடி ஜங்ஷன்:
வேறதான் தம்பி. எல்லாம் கூலித் தகராறு. வடக்கே ஆடியவர்கள் மில்லிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் வேலை பார்த்தவர்கள், மேட்சுக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. அதை கிளப் ஈடுகட்டட்டும் என்று கேட்டதற்கு, ரக்பி சங்கத்துப் பெரிய மனிதர்கள் காசு வாங்கினால் ஆட்டத்தின் மானம் போய்விடும் என்றார்கள் (அவர்களுக்கென்ன, அரைநாள் கூலி போனால் அடுப்பு எரியாத வீடா?). 1895 ஆகஸ்ட் 29 அன்று வடக்கத்தி கிளப்புகள் ஹட்டர்ஸ்ஃபீல்டு ஜார்ஜ் ஹோட்டலில் கூடி அந்தச் சங்கத்தை விட்டுப் பிரிந்தன, முதல் சீசனில் 22 கிளப். நாளுக்கு 6 ஷில்லிங் ஈட்டுக்கூலி. 1906-இல் அணிக்கு 15 பேர் என்றிருந்ததை 13 ஆக்கினார்கள். அதுதான் இந்த லீக் ரக்பி.

நீங்கள் பார்த்த அண்டர்பேங்க்கில் ஆடியவர்தான் ஹெரால்டு வாக்ஸ்டாஃப். 15 வயதில் ஹட்டர்ஸ்ஃபீல்டு அணி தூக்கிக்கொண்டு போனது. 1914-இல் சிட்னியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக பிரிட்டன் அணிக்கு அவர் கேப்டன், காயம் பட்டு ஒவ்வொருவராக வெளியேறி 10 பேராகக் குறைந்தும் 14-6 என்று ஜெயித்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், காசுக்காகப் பிரிந்த ஆட்டத்தில் காசு வாங்காமல் ஆடிய கிராமத்து கிளப்புகளை லீக்கின் பெரிய சங்கம் கண்டுகொள்ளவில்லை. 1973-இல் அவர்களே பார்லா என்று தனிச் சங்கம் வைத்தார்கள், அதுவும் ஹட்டர்ஸ்ஃபீல்டில்தான்.

பாலாற்று ரெய்டர்:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் கேள்வி அது இல்லையே. பள்ளிகொண்டா பக்கம் எங்கள் டீம் ஏன் செத்தது என்று சொல்கிறேன். மைதானம் என்று ஒன்று கிடையாது, அறுப்பு முடிந்த கொல்லையில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஆடுவோம், அடுத்த போகத்துக்கு ஏர் ஓட்டினால் பயிற்சி முடிந்தது. கேப்டனுக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை கிடைத்தது, ராத்திரி ஷிஃப்ட். ஜெர்சி வாங்கித் தந்தவர் வார்டு தேர்தலில் தோற்றார், அதற்கப்புறம் போனையே எடுக்கவில்லை. அங்கே கிளப்புக்குச் சொந்த இடம் இருக்கிறதா, அதை முதலில் சொல்லுங்கள்.

குடியாத்தத்துக்காரன்:
மைதானமும் கட்டடமும் இருக்கிறது, உள்ளேயே ஒரு பாரும் உண்டு. ஆட வராத கிழவர்கள்கூட அங்கே உட்கார்ந்து குடித்துவிட்டுப் பத்து வருஷத்துக்கு முந்தின மேட்சைப் பேசுகிறார்கள்.

காட்பாடி ஜங்ஷன்:
பார் வேண்டாம், டீக்கடை போதும்!

குடியாத்தத்துக்காரன்:
எங்கள் தெருவில் பழைய தறிக்கூடம் ஒன்று பூட்டிக் கிடக்கிறது அண்ணே, பின்னால் காலிமனையும் உண்டு. ஓனரை விசாரிக்கிறேன். ஜெர்சி மூட்டை இன்னும் எங்கள் வீட்டுப் பரண்மேல்தான் இருக்கிறது.